அண்ணியின் ஸ்வேட் கோட்டும் நான் மறைத்து வைத்த பத்து மாதமும்

போன வருஷம் ஜனவரியில் ஐந்து நாள் பயிற்சிக்காக ஆபீஸில் என்னை டெல்லிக்கு அனுப்பினார்கள். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த என்னிடம் குளிருக்கு என்று இருந்தது ஒரே ஒரு நூல் ஸ்வெட்டர். விஷயம் கேள்விப்பட்டதும் அண்ணி கோயம்புத்தூரில் இருந்து தன்னுடைய ஸ்வேட் கோட்டை, அதாவது மேலே பஞ்சு போல மெத்தென்று இருக்கும் தோல் கோட்டைக் கூரியரில் அனுப்பிவிட்டுப் போனும் செய்தார். "அங்க இதெல்லாம் பத்தாது, என்னோடதைப் போட்டுட்டுப் போ." அண்ணன் வேலை விஷயமாக இத்தாலி போனபோது ஃபிளாரன்ஸில் வாங்கி வந்த கோட்டு அது. விலை 180 யூரோ. ஆட்டுத்தோல், பனங்கருப்பட்டி நிறம். கையால் தடவினால் ஒரு பக்கம் இருட்டாகவும் எதிர்ப்பக்கம் தடவினால் வெளிச்சமாகவும் மாறும். அதைப் பார்த்துப் பார்த்து ரயிலில் தடவிக்கொண்டே போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எனக்குத் தினமும் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னல் போட்டுத்தான் பழக்கம். டெல்லிக் குளிரில் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடந்தது. வெந்நீரில் பாட்டிலை வைத்து இளக்கி, இளகியதை வீணாக்க வேண்டாமே என்று வழக்கத்தைவிடத் தாராளமாகவே வைத்துக்கொண்டேன். பின்னல் காலர் மேல் கிடந்தது, ஐந்து நாளும். வீட்டுக்கு வந்து கோட்டை ஹேங்கரில் மாட்டும்போதுதான் பார்த்தேன். காலரின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப் பளபளவென்று இருந்தது. அந்த இடத்தில் மட்டும் தோலின் பஞ்சுத்தன்மை போய், மெழுகு தேய்த்த மாதிரி வழவழப்பு. வலது கை ஓரத்தில் நாலைந்து டீத் துளிகள் வேறு.

அந்த நிமிஷமே அண்ணிக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இரவல் வாங்கின பொருளைக் கறையோடு திருப்பிக் கொடுப்பதா என்று வெட்கமாக இருந்தது. சுத்தம் செய்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொன்றும் தப்பு. அதே தப்பை வேறு யாரும் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் எதையும் விடாமல் எழுதுகிறேன்.

முதலில் பாத்திரம் தேய்க்கிற லிக்விடை ஈரத்துணியில் தொட்டுக் காலரைத் தேய்த்தேன். எண்ணெய் என்றால் சோப்பு என்பதுதானே நமக்குத் தெரிந்தது. தேய்த்த இடம் ஈரமாகி, காய்ந்ததும் கறையைச் சுற்றி இன்னொரு வட்டம் விழுந்தது. உள்ளங்கை அளவு கறை இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. வட்டம் தெரியாமல் இருக்க முழுசையும் ஒரே சீராக நனைத்துவிடலாம் என்று தோன்றியது. பட்டுப்புடவைக்கு ஆகிற ஷாம்பு இதற்கும் ஆகும் என்று நம்பி, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, ஷாம்பு கலந்து கோட்டை முக்கினேன். இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. கையை விட்டுப் பார்த்தால் விரல் இடுக்கெல்லாம் பழுப்பு. அப்போது வயிற்றில் ஏற்பட்ட பயத்தை இன்றும் மறக்க முடியவில்லை. பதறிப்போய்ப் பிழிந்தேன். பிழிந்தது அடுத்த தப்பு. மொட்டை மாடி வெயிலில் கொடியில் போட்டது அதற்கும் அடுத்த தப்பு.

சாயங்காலம் போய் எடுத்தபோது அது கோட்டாகவே இல்லை. கையை மடக்கினால் அட்டைப் பெட்டியை மடக்குகிற சத்தம். கொடிக்கயிறு பட்ட இடத்தில் குறுக்கே ஒரு கோடு. தோள்பட்டையில் வெளிறிப்போன திட்டுகள். மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஏன் இப்படி ஆனது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஸ்வேட் என்பது தோலின் உள்பக்கம். ஆட்டின் உடம்பில் முடி இருந்த பக்கம் இறுக்கமாக, வழவழப்பாக இருக்கும். சதையோடு ஒட்டியிருந்த பக்கத்தில் நார்கள் தளர்வாக இருக்கும். அந்தப் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து நார்களை எழுப்பினால் வருவதுதான் இந்தப் பஞ்சு போன்ற மேற்பரப்பு. சாதாரண ஷூவில் இருப்பதுபோல மேலே பூச்சு எதுவும் கிடையாது. அதனால் தண்ணீரோ எண்ணெயோ பட்ட மாத்திரத்தில் நேரே உள்ளே இறங்கிவிடும். இன்னொரு விஷயம், பதனிட்ட தோல் தானாக மெத்தென்று இருப்பதில்லை. சாயம் ஏற்றுகிற கட்டத்தில் எண்ணெயும் ஏற்றி, பிறகு இழுத்து, உலுக்கித்தான் அந்த நெகிழ்வைக் கொண்டுவருகிறார்கள். முழுசாக நனைத்துச் சோப்புப் போட்டால் அந்த எண்ணெயும் சாயமும் வெளியேறும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். நான் ஒரே மத்தியானத்தில் இரண்டையும் செய்து முடித்திருந்தேன்.

மறுநாள் பக்கத்துத் தெரு டிரை கிளீனிங் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் தடவிக்கூடப் பார்க்காமல் "பண்ணிடலாம் மேடம்" என்றார். 850 ரூபாய். பத்து நாள் கழித்து வாங்கப் போனால் கோட்டு இன்னும் வெளிறி, இன்னும் விறைத்து, கைகள் ஒரு விரற்கடை குட்டையாகி இருந்தன. கேட்டதற்கு ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தோல் பொருட்களுக்குக் கடை பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. துணிக்குப் பயன்படுத்துகிற டிரை கிளீனிங் திரவம் கறையின் எண்ணெயை மட்டும் பார்த்து எடுக்காது, தோலை நெகிழ்வாக வைத்திருக்கிற எண்ணெயையும் சேர்த்தே எடுத்துவிடும். தோலுக்கென்று செய்கிறவர்கள் கழுவிய பிறகு எண்ணெயையும் சாயத்தையும் திரும்ப ஏற்றுவார்கள். ஆகவே எந்தக் கடையிலும் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஸ்வேட் இதற்கு முன் செய்திருக்கிறீர்களா, இங்கேயே செய்கிறீர்களா அல்லது வெளியே அனுப்புகிறீர்களா, நிறம் போனால் திரும்ப ஏற்றித் தருவீர்களா. மூன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்லாத கடையில் கொடுக்காதீர்கள். ரசீதின் பின்பக்கத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

அடுத்து 699 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு லெதர் கண்டிஷனர் வாங்கினேன். பளபளப்பான தோலுக்கானது என்று டப்பாவிலேயே இருந்ததை அவசரத்தில் கவனிக்கவில்லை. முதுகுப்பக்கம் ஒரு இடத்தில் தடவியதும் பஞ்சு அப்படியே படிந்து கறுத்தது. நல்ல வேளை, அதோடு நிறுத்திக்கொண்டேன். ஷூ பாலிஷ், மெழுகு, கிரீம், மினுக்குகிற எதுவும் ஸ்வேட் பக்கம் வரவே கூடாது.

இதற்கு நடுவில் அண்ணி இரண்டு முறை போனில் விசாரித்தார், கோட்டைக் கேட்டு இல்லை, டெல்லி எப்படி இருந்தது என்று. "நல்லா இருந்துச்சு அண்ணி, கோட்டு ரொம்ப உதவியா இருந்துச்சு" என்று சொன்ன எனக்குத் தொண்டை அடைத்தது. அதன் பிறகு அவர் பெயர் போனில் ஒளிர்ந்தாலே மனசு படபடக்கும். கோட்டைப் பார்க்கவே பிடிக்காமல் ஒரு பாலிதீன் கவரில் சுற்றி, பீரோவின் மேல் தட்டில் தள்ளி, மேலே பழைய போர்வையை வைத்து மூடினேன். பிப்ரவரியில் வைத்தது. நவம்பர் வரை தொடவில்லை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் பீரோவைத் திறந்தபோது ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை. கவரைப் பிரித்தால் கோட்டு முழுக்கச் சாம்பல் கலந்த வெள்ளைப் புள்ளிகள், காலரில் அடை அடையாக. பூஞ்சை. பாலிதீனுக்குள் காற்று புகாது, உள்ளே இருக்கிற ஈரம் வெளியேயும் போகாது. அதோடு நான் காலரில் விட்டுவைத்த எண்ணெயும் பூஞ்சைக்குச் சாப்பாடு. அன்றைக்குத்தான் இனிமேலும் தனியாக எதுவும் செய்யக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

நான் குடியிருப்பது குரோம்பேட்டை. இங்கே முன்பு இருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால்தான் ஊருக்கே அந்தப் பெயர். கோட்டு விஷயத்தை என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் சொல்லப்போய், அவர்தான் "தோல்னா பெரியமேடு போய்ப் பாரு" என்றார். சென்ட்ரலுக்குப் பின்னால், சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் முழுக்கத் தோல் வியாபாரம். எலெக்ட்ரிக் ட்ரெயினில் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். நாலாவது கடையில் ஒரு பெரியவர், வாணியம்பாடிக்காரர், கோட்டை வாங்கி மேஜையில் விரித்தார். வாயால் எதுவும் கேட்பதற்கு முன் நகத்தால் லேசாகச் சுரண்டினார், முகர்ந்தார், உள் லைனிங்கைத் திருப்பித் தையலைப் பார்த்தார்.

"தண்ணியில முக்கினீங்களாம்மா?"

"ஆமா பாய்."

"வெயில்ல போட்டீங்க."

"ஆமா."

"நல்ல தோலும்மா இது. பாதியைக் காப்பாத்தலாம். புதுசு மாதிரி ஆகும்னு சொல்ல மாட்டேன்."

பத்து மாதத்தில் இந்தக் கோட்டைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான வார்த்தை அது. அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூஞ்சையை மட்டும் வீட்டிலேயே எடுத்துவிட்டு வரச் சொன்னார், மற்ற தோலோடு சேர்த்து வைக்க முடியாது என்றார். அவர் சொன்னபடி செய்தேன். மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் இல்லாமல் மாடியில் நிழலில் வைத்து, உலர்ந்த பிரஷ்ஷால் மேலாகத் தள்ளி எடுத்தேன். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதில் துணியைத் தொட்டுச் சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, ஒற்றி எடுத்தேன். மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் கிடந்தது. வினிகர் வாடை காய்ந்ததும் போய்விட்டது. பூஞ்சை எடுத்த பிரஷ்ஷை அதோடு தூக்கிப் போட்டுவிட வேண்டும் அல்லது சோப்பில் நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பொருளுக்கும் பரவும். புள்ளிகள் போனாலும் காலரில் சில இடத்தில் நிழல் மாதிரி தங்கிவிட்டது. பூஞ்சை ஆழமாக இறங்கினால் அந்தத் தடம் போகாது.

மூன்று வாரம் கோட்டு அவரிடம் இருந்தது. தோலை நெகிழ வைத்து, கறுத்த இடங்களைத் தேய்த்து, மொத்தத்தையும் ஒரு படி அடர்த்தியான பழுப்புச் சாயத்துக்கு மாற்றினார். 2,600 ரூபாய். ஆக மொத்தம் 4,149 ரூபாய், போக்குவரத்து இல்லாமல். திரும்பி வாங்கப் போன அன்று கடையில் கூட்டம் இல்லை. அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவர் கையில் இருந்தது ஒரு சின்ன ரப்பர் பிரஷ். காலரில் படிந்து கிடந்த ஒரு இடத்தை ஒரே திசையில், நாய்க்குட்டியைத் தடவுகிற அழுத்தத்தில், நாலு இழுப்பு இழுத்தார். பிறகு எதிர்த்திசையில் இரண்டு. செத்துப்போனதாக நான் நினைத்த பஞ்சு மெதுவாக எழுந்து நின்றது. எழாத ஒரு ஓரத்தை, கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் ஒரு சாண் தூரத்தில் சில விநாடி காட்டி, மறுபடி பிரஷ் செய்தார். அதுவும் எழுந்தது. "ஆவி போதும்மா. தண்ணி வேண்டாம்" என்றார்.

அவரிடம் கேட்டதும் பிறகு நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்துச் சொல்கிறேன். எண்ணெய்க் கறை பட்டால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். வெள்ளைத் துணியால் ஒற்றிவிட்டு, உடனே டால்கம் பவுடரையோ சோளமாவையோ கறை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொட்டி, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். முல்தானி மிட்டி இருந்தால் அதுவும் எண்ணெயை நன்றாக உறிஞ்சும், ஆனால் வெளிர் நிறப் பொருளில் அதன் நிறம் தங்கக்கூடும் என்பதால் நான் பவுடரோடு நிறுத்திக்கொள்கிறேன். காலையில் உலுக்கி, பிரஷ் செய்து, மீதி இருந்தால் இன்னொரு ராத்திரி. முதல் நாளே செய்தால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். சாம்பார், குழம்பு என்றால் பவுடர் எண்ணெயை எடுக்கும், மஞ்சளின் நிறத்தை எடுக்காது. அதற்கு வீட்டில் வைத்தியம் தேடி இன்னும் கெடுக்காமல் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

சேறு பட்டால் கை பரபரக்கும், உடனே துடைக்கச் சொல்லும். துடைத்தால் சேறு நாருக்குள் இறங்கும். முழுசாகக் காயவிட்டு, தட்டி உதிர்த்து, அப்புறம் பிரஷ் செய்யுங்கள். மழையில் நனைந்தால் ஒற்றி எடுத்து, ஷூவாக இருந்தால் உள்ளே வெள்ளைத் தாளை அடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒருநாளோ இரண்டு நாளோ விடுங்கள். செய்தித்தாளை அடைக்காதீர்கள், ஈரத்தில் மை இறங்கி ஒட்டிக்கொள்ளும். வெயிலும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். காய்ந்து விறைத்தால் பயப்படாமல் கையால் மெல்லக் கசக்கி, ஆவி காட்டி, பிரஷ் செய்தால் பெரும்பகுதி திரும்பி வரும். சின்னக் கறுப்புத் தடங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை அழிரப்பரே போதும். கலர் ரப்பர் வேண்டாம், நிறம் ஒட்டும். கம்பி பிரஷ்ஷை ஷூவின் முரட்டுத் தோலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கோட்டு மாதிரி மெல்லிய ஆட்டுத்தோலைக் கிழித்துவிடும். எதை முயன்றாலும் முதலில் உள்மடிப்பில், யாரும் பார்க்காத ஓரத்தில் செய்து, காய்ந்ததும் நிறத்தைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். நான் இந்த ஒன்றை மட்டும் செய்திருந்தால் பக்கெட் வரை போயிருக்கவே மாட்டேன்.

தண்ணீர் ஒட்டாமல் இருக்க ஸ்ப்ரே கிடைக்கிறது. ஸ்வேட்டுக்கு என்று தெளிவாக எழுதியிருப்பதாகப் பார்த்து, புதுசாக இருக்கும்போதே அடிப்பது நல்லது. மாடியில், காற்றோட்டத்தில் நின்று அடியுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. அது சாரலுக்குத் தாங்கும், நம் ஊர் மழைக்குத் தாங்காது.

இன்னொன்று. கடையில் ஸ்வேட் என்று விற்பதில் நிறைய பாலியஸ்டரில் செய்தது. அது கெட்டதில்லை, சொல்லப்போனால் நம் ஈரப்பதத்துக்கு அதுதான் சுலபம், லேபிள் அனுமதித்தால் துவைக்கவும் செய்யலாம். ஆனால் எது எது என்று தெரியாமல் ஒன்றின் வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்யக் கூடாது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், துணியின் இழை தெரிந்தால் அது தோல் இல்லை. ஷூவின் லேபிளில் விரித்த விலங்குத்தோல் வடிவம் இருந்தால் தோல், வெறும் சாய்சதுரம் இருந்தால் தோலும் துணியும் அல்லாத வேறு பொருள்.

பொங்கலுக்கு அண்ணி வந்தார். சாப்பிட்டு முடித்து எல்லாரும் படுத்த பிறகு கோட்டை எடுத்து அவர் மடியில் வைத்து, முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தும் முடியவில்லை. காலரைத் தடவிக்கொண்டே கேட்டவர், "தேங்கா எண்ணெயா? எனக்கும் ஒரு தடவை ஆச்சே. ராத்திரி பவுடரைக் கொட்டி வெச்சேன், காலையில போயிடுச்சு. ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோட்டின் பாதி விலையையாவது தருகிறேன் என்று வைத்திருந்த கவரை அவர் தொடவில்லை. இந்த நிறம் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கோட்டையும் என்னிடமே விட்டுப் போனார். நிறம் பிடிக்கவில்லை என்பது எனக்காகச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

இப்போது அது அகலமான மர ஹேங்கரில், அப்பாவின் பழைய வேட்டியில் தைத்த உறைக்குள் தொங்குகிறது. பக்கத்துத் துணியோடு நசுங்காமல் ஒரு கை இடைவெளி. பீரோவின் தரையில் ஒரு கிண்ணத்தில் நீல நிற சிலிக்கா ஜெல், ஈரம் ஏறி இளஞ்சிவப்பாக மாறினால் சூடு காட்டி உலர்த்தித் திரும்ப வைக்கிறேன். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுகிறேன், ஐப்பசி பிறந்துவிட்டால் வாரம் ஒருமுறை. போடுகிற அன்று தலைக்கு எண்ணெய் இல்லை, கழுத்தைச் சுற்றி ஒரு காட்டன் துப்பட்டா, சென்ட் அடிப்பதாக இருந்தால் கோட்டைப் போடுவதற்கு முன்பே. இடது கையின் ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. எடுக்கும்போதெல்லாம் அந்த இடத்தை விரலால் கசக்கிவிட்டு, ரப்பர் பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுக்கிறேன். போன மாதத்தைவிட இந்த மாதம் கொஞ்சம் இளகியிருக்கிறது.